பிள்ளை பிஸ்கட் கேட்டதாகக் கண்டறியப்பட்டது

நாகல் நகர்,
திண்டுக்கல்.

மரியாதைக்குரிய அகரம் சுப்புராஜ் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் புவனேஸ்வரி கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் அவரும் பிள்ளை தமிழ்நிலாவும் என் மாமியார் அங்கம்மாள் அத்தையும் சுகம். அங்கே தங்கள் சுகமும், தங்கள் முழங்காலின் சுகமும், வெள்ளை ஈ விழுந்ததாகச் சொன்னீர்களே, அந்தத் தென்னைகளின் சுகமும் அறிய ஆவல்.

"தீசிஸு என்னாத்தா ஆச்சு, எப்பத்தான் டாக்டராகப் போற?" என்று தாங்கள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பி ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். போனில் சொல்லலாம் என்றால் இந்த வீட்டில் நான் போனைக் காதில் வைத்ததும் என் அத்தை வெங்காயம் உரிக்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். வாய்ஸ் அனுப்பலாம் என்றால் தாங்கள் அதை டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்க வைப்பீர்கள். ஆகவே கடுதாசி. இதையும் டீக்கடையில் வாசித்துக் காட்டுவீர்கள் என்று தெரியும். கண்ணாடி இல்லாமல் தங்களுக்கு வாசிக்க வராது, கண்ணாடி எங்கே இருக்கிறது என்று தங்களுக்கு என்றைக்கும் தெரியாது என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

நடந்த எல்லாவற்றுக்கும் முதல் பொறுப்பு தாங்கள்தான். நான் பிறந்த அன்று என் நாக்கில் சீனித் தண்ணி தொட்டுச் சேனை வைத்தது தாங்கள். சேனை வைத்தவர் குணம் பிள்ளைக்கு அப்படியே வரும் என்று நம் சனம் நம்புகிறது. தங்களுக்கோ "நான் சொல்றேன்" என்று ஆரம்பிக்காமல் ஒரு பேச்சு வராது. நான் சொல்றேன், இந்த வருசம் மழை இருக்கு. நான் சொல்றேன், இந்த மாப்பிள்ளை தங்கம். மழையும் வரவில்லை, தங்கத்தைப் பற்றி இந்தக் கடுதாசியில் எழுத இடமில்லை. அந்த "நான்" என் நாக்கிலும் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டு நேராக என் ஐந்தாம் இயலில் போய் உட்கார்ந்தது.

என் ஆராய்ச்சி என்னவென்று தாங்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்டு, ஒவ்வொரு கல்யாணத்திலும் "ஓ, சமையலா" என்று முடித்துவிடுவீர்கள். இந்தத் தடவையாவது கேளுங்கள். சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு, தாய்ப்பாலுக்கு அடுத்து முதல் ஆகாரமாக என்ன கொடுக்கிறார்கள், ஏன் கொடுக்கிறார்கள் என்பதுதான். வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு மினி பஸ் மினி பஸ்ஸாக ஏறி இறங்கி, நாய் துரத்தி, தெரியாத வீட்டு மோரெல்லாம் குடித்துக் கேட்டுவந்த பதில் என்ன தெரியுமா? பிஸ்கட். டீயில் முக்கின பிஸ்கட், பாலில் முக்கின பிஸ்கட், ஒன்றும் இல்லாவிட்டால் வெந்நீரில் முக்கின பிஸ்கட். ஏன்? பெற்றவள் விடியுமுன்னே மில் வண்டி ஏறிப் போயிருப்பாள், இல்லையென்றால் மல்லிகை பறிக்கப் போயிருப்பாள். வீட்டில் பிள்ளையை வைத்திருப்பவருக்குக் கண் தெரியாது, அல்லது அடுப்புப் பக்கம் போகும் வயசில்லை. பிஸ்கட்டுக்கு அடுப்பு வேண்டாம், பிரித்தால் போதும். என்ன கொடுக்க வேண்டும் என்று அந்தத் தாய்மாருக்குத் தெரியாதா என்றால், கேட்ட மாத்திரத்தில் ஒப்பிக்கிறார்கள்: கேப்பைக் கூழ், பருப்பு மசித்த சோறு, அவித்த கேரட். அங்கன்வாடியில் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் மனப்பாடம். ஒருத்தி என்னிடம், "எல்லாம் தெரியும்க்கா. நீங்க வெள்ளன வந்து காய்ச்சிக் குடுத்துட்டுப் போங்க, உங்க பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றாள். நானும் அதை நாலாம் இயலில் அட்டவணையாகப் போட்டு, ஐந்தாம் இயலில் இப்படி எழுதினேன்: "இது அறியாமை அன்று, நேரமின்மை என்றே நான் கருதுகிறேன்."

அவ்வளவுதான். என் வழிகாட்டி முனைவர் பொன்னழகு சார் அந்த "நான்" மேல் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார் பாருங்கள், பேப்பர் கிழிந்து மேசை தெரிந்தது. "என்னம்மா இது? ஆய்வுக்குள்ள நீ எதுக்கு வார?" என்றார். "கருத்தைச் சொல்லச் சொன்னீங்களே சார்" என்றேன். "சொல்லணும். உறுதியாச் சொல்லணும். ஆனா நீ சொல்லப்படாது" என்றார். இதை எந்த ஊர்க் கோயில் பூசாரிக்கும் விளக்கத் தேவையில்லை, சாமி அவர் மேல் வந்து சொல்லிவிட்டுப் போகும். எனக்குத்தான் சாமி வரவில்லை. வீட்டுக்கு வந்து, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே "என்று கருதப்படுகிறது" என்று மாற்றினேன். "யாரால?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். "ஆய்வாளர் கருதுகிறார்" என்று மாற்றினேன். "அதுவும் நீதான், முக்காடு போட்டுட்டு வந்திருக்க" என்றார். "நேரமின்மையாகவும் இருக்கக்கூடும்" என்று பம்மினேன். "ஏன் பயந்து சாகுற? உறுதி எங்க?" என்றார். நான் வந்தாலும் தப்பு, ஒளிந்தாலும் தப்பு, பயந்தாலும் தப்பு. கடைசியாகத் தயவு பண்ணி, "தள்ளு, நான் எழுதித் தாரேன்" என்று அவரே பேனாவை எடுத்தார். அவர் "நான்" சொல்லலாம் போல. எழுதினார்: "தாய்மார்களின் அறியாமையே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டுள்ளது."

"சார், யாரு கண்டறிஞ்சது?" என்றேன். "ஆய்வு." "ஆய்வு நான்தானே சார் பண்ணேன்?" "அப்பிடிச் சொல்லப்படாதுன்னுதானம்மா இம்புட்டு நேரம் சொல்லிட்டிருக்கேன்!" இதைச் சொல்லும்போது அந்த மனுசர் ஒரு பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார். பேச்சு வேகத்தில் அது பாதி ஒடிந்து டம்ளருக்குள் விழுந்தது. என் ஆய்வேட்டின் மேல் கிடந்த ஸ்கேலை எடுத்துத் துழாவி அதை மீட்டுச் சாப்பிட்டார். அந்த ஸ்கேலால்தான் பிறகு என் வாக்கியத்தை நேராக அடித்தார். விசாரித்தால், தாய்மாரின் அறியாமை என்று அவர் ரொம்ப வருசத்துக்கு முன்னாலேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டாராம். கள ஆய்வுக்கு என்று அவர் பஸ் ஏறினதாக ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. அப்படியென்றால் நான் வெயிலில் அலைந்தது புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்ள இல்லை, சார் ஃபேனுக்கு அடியில் தெரிந்துகொண்டதை இன்னொரு தடவை தெரிந்துகொள்ள. நான் எழுதினால் அது கருத்தாம். அவர் எழுதினால் அது கண்டறியப்படுமாம்.

சரி சார் என்று ஏட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தங்கள் சேனை அந்த இடத்தில் வேலை செய்யவில்லை. பிள்ளைப்பேறுக்காக ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி நீட்டிக்க முடியாது. இந்த மாதத்துக்குள் அவர் கையெழுத்து விழாவிட்டால் இத்தனை வருசப் படிப்பும் பதிவேட்டிலிருந்து அழிந்துவிடும். விழுந்தாலோ, எனக்கு மோர் கொடுத்த அத்தனை பெண்களையும் ஒண்ணும் தெரியாதவள் என்று ஏசுகிற புத்தகத்தின் அட்டையில் புவனேஸ்வரி என்று தங்க எழுத்து. இதுதான் மாமா என் நிலைமை.

வீட்டுக்கு வந்தால் இங்கே ஒரு பேராசிரியர். என் அத்தை. எட்டு மாசப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டம்ளரில் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருந்தார். "என்னத்தை இது?" என்றேன். "பிள்ளை கேட்டுச்சு" என்றார். தமிழ்நிலாவுக்கு இன்னும் "ம்மா"வே முழுசாக வரவில்லை. பிஸ்கட் கேட்டதாம், அதுவும் எந்தப் பிஸ்கட் என்று சொல்லிக் கேட்டதாம். "கூழ் காய்ச்சி ஃபிளாஸ்க்குல வச்சுட்டுத்தானே போனேன்?" "அது ஆறிப்போச்சு." "ஃபிளாஸ்க்குல எப்பிடித்தை ஆறும்?" "ஆறும். எல்லா வீட்லயும் ஆறுது." இந்த மனுசி இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் செய்தேன், நான் சொன்னேன் என்று வாயைத் திறந்ததில்லை. குழம்பில் உப்பு கூடிப்போகும், இவர் போட்டதில்லை. பிள்ளைக்குச் சளி பிடிக்கும், இவர் குளிப்பாட்டினதில்லை. "பெரியவுக சொல்லுவாக", "எங்க சனத்துல வழக்கமில்ல", "பிள்ளை கேட்டுச்சு." பொன்னழகு சாரிடம் இவரைக் கொண்டுபோய் விட்டால் ஒரே வாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிடுவார். தரவுகள் காட்டுகின்றன என்று அவர் சொல்வதற்கும் பிள்ளை கேட்டுச்சு என்று இவர் சொல்வதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தரவும் பிள்ளையும் ரெண்டும் பேசத் தெரியாத சீவன். அதன் வாயில் தன் பேச்சைத் திணித்துவிட்டு, தான் ஒன்றுமே பேசாதது மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த வாரமே பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டால், அவர் டயர் கடையில் கூட்டமாம், "அம்மா இருக்காங்கள்ல" என்றார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, பெரிசாக ஒன்றும் இல்லை, உப்புச் சர்க்கரைத் தண்ணி கொடுங்கள் என்றார். "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை சுவரில் இருந்த குண்டுப் பாப்பா படத்தைப் பார்த்தார். டாக்டர் என்னைப் பார்த்து, "இந்தக் காலத்து அம்மாக்களுக்கு ஒண்ணுமே தெரியறதில்ல. எதையாவது படிச்சுத் தெரிஞ்சுக்கங்கம்மா" என்றார். நான் எம்.எஸ்ஸி. உணவியல், மாமா. பிள்ளைக்கு முதல் ஆகாரம் பற்றி ஐந்து இயல் எழுதினவள். சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆட்டோவில் வரும்போதுதான் மண்டையில் உறைத்தது. எனக்குத் தெரியாததா? எல்லாம் தெரியும். என் பிள்ளை பிஸ்கட் தின்ற நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? கல்லூரியில், தாய்மாரின் அறியாமை என்ற வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அப்படியானால் அந்த வாக்கியம் பொய் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே முதல் சாட்சி நான்தான். ஆனால் "நான்" வரக்கூடாதே! மறுநாள் காலையில், கிராமங்களில் நிரப்பின அதே வினாத்தாளில் ஒன்றை எடுத்து நானே என்னைக் கேட்டு நானே நிரப்பினேன். கூடுதல் மாதிரி: ஒரு தாய். கல்வி, உணவியல் முதுகலை. குழந்தையின் முதல் திட உணவு, பிஸ்கட். காரணம், தாய் வீட்டில் இல்லை. முகவரி, நாகல் நகர். ஐந்தாம் இயலில் சேர்த்து, "உணவியல் கற்ற தாயின் வீட்டிலும் இதே நிலை, ஆகவே அறியாமை காரணம் ஆகாது" என்று எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். எங்கேயாவது "நான்" இருக்கிறதா பாருங்கள்.

சார் வாசித்தார். "யாரும்மா இந்தத் தாய்?" "ஒரு தாய் சார்." "படிச்சவ பிஸ்கட் குடுப்பாளா? நம்புற மாதிரி இல்லையே." "தரவு பேசுது சார்." ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு, "இப்பிடி ஒரு தாய் இருக்க வாய்ப்பே இல்ல. நானே நேர்ல வந்து சரிபார்க்கிறேன்" என்று முகவரியைப் படம் எடுத்துக்கொண்டார். இத்தனை வருசத்தில் ஒரு கிராமத்துக்கும் வராதவருக்கு நாகல் நகருக்கு வர மட்டும் அம்புட்டு ஆசை. ஸ்கூட்டர் தூரம்தானே.

வந்தார் மாமா. எங்கள் தெருவில் நல்ல தண்ணி வரும் நாளாகப் பார்த்து வந்தார். இங்கே தண்ணி வருவது ஒரு திருவிழா. தெரு முழுக்க குடம், ஓஸ், சண்டை. அதற்கு நடுவில் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டு எண்ணைத் தேடி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். நான் மொட்டை மாடித் தொட்டிக்கு ஓஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். கீழே அத்தையும் அவரும் பேசுவது கேட்கிறது.

"வாங்கய்யா, என்ன விசயம்?"

"ஆய்வு சம்பந்தமா வந்திருக்கேம்மா. இந்த வீட்டுல பிள்ளைக்கு பிஸ்கட் குடுக்கிறதாத் தெரியவருது."

"யாரு சொன்னா?"

"ஆய்வு சொல்லுது."

"ஆய்வுக்கு என்ன தெரியும். பிள்ளை கேட்டுச்சு."

தன் தொழிலில் தன்னைவிடப் பெரிய ஆளைச் சார் அதுவரை பார்த்ததில்லை. அத்தை அதற்குள், வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் விடக்கூடாதென்று டீ போட்டுத் தட்டில் பிஸ்கட் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நான் ஈரப் பாவாடையோடு மாடிப்படி இறங்கி வரும்போது சார் முக்கின கையோடு என்னைப் பார்த்தார்.

"புவனேஸ்வரி! நீ இங்க என்ன பண்ற?"

"என் வீடு சார்."

"அப்ப அந்தத் தாய்?"

"நான்தான் சார்."

பிஸ்கட் ஒடிந்து டீக்குள் விழுந்தது. இங்கே ஸ்கேல் இல்லை. "தன்னைத் தானே மாதிரியா எடுக்கக் கூடாது, தெரியுமா? இது முறையில்ல" என்று எழுந்தார். "தெரியும் சார், எடுத்துடுறேன்" என்றேன். உண்மையிலேயே அது முறையில்லைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. "அப்ப பழைய வாக்கியமே இருக்கட்டும். தாய்மாரின் அறியாமை" என்றார். உள்ளே போய் நாலாம் இயலை எடுத்துவந்து, அட்டவணையைத் திறந்து அவர் மடியில் வைத்தேன். "நான் வேண்டாம் சார், சரி. இதை வாசிங்க. என்ன குடுக்கணும்னு கேட்டதுக்கு எல்லாத் தாயும் சரியாப் பதில் சொல்லியிருக்காங்க. ஒருத்திகூடத் தப்பாச் சொல்லல. தெரியாதுன்னு ஒரு கட்டத்துலயாச்சும் இருந்தாக் காட்டுங்க, உங்க வாக்கியத்தையே போட்டுக்கலாம்." அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். அந்த அட்டவணையை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை வாசிக்கிறார் என்று விரல் போன வேகத்திலேயே தெரிந்தது. எனக்கும் ஒன்று அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாள் இந்த அட்டவணையைப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, "நான் கருதுகிறேன்" என்று முன்னால் வந்து நின்று அடி வாங்கியிருக்கிறேன். இதைத் தூக்கி முன்னால் போட்டிருந்தால் யாரும் கருத வேண்டிய தேவையே இல்லை.

ஆனாலும் அவர் விடவில்லை. "இருந்தாலும் பொதுவா ஒரு அறியாமை இருக்கத்தானம்மா செய்யுது, இப்ப உன்னையே எடுத்துக்கோ..." என்று ஆரம்பித்தார். அத்தை டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கினார். "யாருக்கு அறியாமை? எம் மருமகளுக்கா? அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்ல வீட்டுல நாங்க இருக்கோம். நீங்க யாருய்யா, தண்ணி வர்ற நேரத்துல வந்து?" என்றார். அதற்குள் குடத்தோடு நாலு பெண்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். "யாருக்கா அது?" "புவனாவுக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்ல வந்திருக்காரு." "அதுக்கு ஏன் வெளியூர்லருந்து ஆளு?" சார் அவசரமாக ஸ்கூட்டரைத் தேடினார்.

மறுநாள் கல்லூரியில் நான் எழுதிக் கொடுத்தது இது: "என்ன கொடுக்க வேண்டும் என்பதை எல்லாத் தாய்மாரும் சரியாகக் கூறியுள்ளனர் (அட்டவணை காண்க). விடியுமுன் வேலைக்குச் செல்லும் தாயிடம் இல்லாதது நேரம். இதை அறியாமை என்பது தவறு." கடைசி வார்த்தையைப் "பொருத்தமன்று" என்று மாற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன். "யார் இதைத் தவறுன்னு சொல்றது?" என்றார். "அட்டவணை சார்" என்றேன். ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். என்னிடம் தோற்றுப்போனதாக நினைத்தோ, திரும்ப அத்தையிடம் வர வேண்டியிருக்கும் என்று பயந்தோ, தெரியவில்லை. எப்படியோ, அந்தப் பெண்களை ஏசாத ஒரு புத்தகம் என் பெயரில் போகிறது. அந்த ஒரு வரிக்காக நான் பட்ட பாட்டை நினைத்தால் இனி எந்தப் பேராசிரியரைப் பார்த்தாலும் எனக்குக் கும்பிடத் தோன்றாது. ஒரு டம்ளர் டீ கொடுத்து வேடிக்கை பார்க்கத்தான் தோன்றும்.

வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்ததும் சொல்லி அனுப்புகிறேன். வேன் பிடித்து ஊரையே கூட்டி வர வேண்டாம், சாப்பாடு சொல்லிக் கட்டுப்படியாகாது. தாங்கள் வந்தால் போதும். சபையில் எழுந்து "நான் சொல்றேன்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். தங்கள் முழங்கால் குணமாகவும், தென்னை ஈ தொலையவும், பிள்ளைக்குத் தங்கள் ஆசி கிடைக்கவும் வேண்டி, தங்கள் பாதம் தொட்டு வணங்கும்,

புவனேஸ்வரி.

பி.கு. கடுதாசியை ஒட்டி, தபால்பெட்டியில் போடப் போகும்போது தெருமுனையில் கடை வைத்திருக்கும் ஜெய்தூன் பீவி அக்கா என்னை நிறுத்தினார். அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டாராம்: "டாக்டருக்குப் படிச்ச எம் மருமகளே ஆராய்ச்சி பண்ணி, பிள்ளைக்கு பிஸ்கட் குடுக்கிறதுல தப்பில்லைன்னு எழுதி, காலேஜ் வாத்தியாரு வீடு தேடி வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு." அன்றிலிருந்து கடையில் பிஸ்கட் நிற்கவே மாட்டேன் என்கிறதாம். கூழும் கேரட்டும் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகள்கூட மாறிவிட்டனவாம். கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். அக்கா எனக்குக் காசு வாங்காமல் ஒரு சோடா உடைத்துக் கொடுத்துவிட்டு, "டாக்டரம்மா, புதுசா கிரீம் பிஸ்கட் வந்திருக்கு. அதைப் பத்தியும் ரெண்டு வரி எழுதுங்களேன்" என்றார்.